வெளிநாட்டு வேலை: எவ்வளவு சம்பளம் கேட்க வேண்டும்? (கேள்வி-பதில்)

கே: சென்னையில் மாதம் 1.2 லட்சம் கைக்கு வருகிறது. சிங்கப்பூரில் மாதம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறார்கள். மனைவி, 3 வயதுக் குழந்தையோடு இதே வசதியில் இருக்க முடியுமா?

சம்பளத்தை ஓரமாக வையுங்கள், செலவிலிருந்து தொடங்குங்கள். கடைசி மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து, செலவுகளை இரண்டாகப் பிரியுங்கள். வாடகை, மளிகை, பள்ளி, போக்குவரத்து ஆகியவை உங்களோடு அங்கே வருபவை. இவற்றுக்கு அந்த ஊர் விலையைத்தான் போட வேண்டும். வீட்டுக்கடன் தவணை, அப்பா அம்மாவுக்கு அனுப்புவது, எல்ஐசி பிரீமியம், சேமிப்பு ஆகியவை ரூபாயிலேயே நிற்பவை. நாணய மாற்று விகிதம் இவற்றுக்கு மட்டும்தான்.

ரூபாய்ச் செலவு 55,000 என்றால், வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 850 வெள்ளி (அன்றைய விகிதத்தைப் போட்டுப் பாருங்கள்). நகர மையத்துக்கு வெளியே எச்டிபி (அரசு கட்டிய அடுக்குமாடி) 'மூன்று அறை' வீட்டுக்கு 2,800 வையுங்கள் (ஹாலையும் சேர்த்துத்தான் மூன்று, படுக்கையறை இரண்டே). குழந்தைகள் காப்பகத்துக்கு 1,200. அரசு மானியம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைகளுக்குத்தான். சாப்பாட்டுக்கு 1,000, மின்சாரம், போன், பஸ், ரயிலுக்கு 500. ஆக 6,350. வரி மாதத்துக்குச் சுமார் 270. இப்போதே 6,600-ஐத் தாண்டிவிட்டது. ஊருக்கு வந்துபோகும் டிக்கெட்டும் அவசரத்துக்குக் கொஞ்சமும் சேர்த்தால், 7,000 கேட்பதுதான் சரி.

அங்கே வரியை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டு மொத்தமாக பில் வரும். முதல் மாதத்திலிருந்தே தனியாக எடுத்து வையுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸில் (வேலை விசா) போகிறவருக்கு சிபிஎஃப் (அந்த ஊர் பிஎஃப்) கிடையாது. இங்கே நிறுவனம் கட்டிய பிஎஃப் பங்கு நின்றுபோகும்; அதையும் சேமிப்புக் கணக்கில் ஏற்றுங்கள்.

கே: என் மனைவியும் இங்கே 50,000 சம்பாதிக்கிறார்.

அப்படியானால் மேலே சொன்ன கணக்கு போதாது. டிபென்டன்ட் பாஸில் (குடும்பத்தாருக்கான விசா) வருபவர் வேலை செய்யத் தனியாக வேலை அனுமதி வாங்கியாக வேண்டும். அது கிடைக்கும்வரை அவர் வருமானம் பூஜ்யம் என்றே எழுதுங்கள். அவர் சம்பளத்தில் ஓடிய சேமிப்பும் தவணையும் உங்கள் தலையில் ஏறும்.

கே: நம்பியோ (Numbeo) என்ற விலைவாசி ஒப்பீட்டுத் தளத்தில் இரண்டு ஊர்களை ஒப்பிட்டால் போதாதா?

பொருள் வாரியாக விலை பார்க்க உதவும். மொத்தக் குறியீட்டை நம்ப வேண்டாம். அது பொதுமக்கள் பதிவுசெய்யும் விலைகளின் சராசரி. உங்களுக்கு எத்தனை பிள்ளைகள், எவ்வளவு கடன் என்று அதற்குத் தெரியாது.

கே: துபாயில் 15,000 திர்ஹாம், வருமான வரி இல்லை. முழுதும் மிச்சம்தானே?

ஆஃபர் கடிதத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று முதலில் பாருங்கள். பணிக்கொடை அதை வைத்துத்தான்: முதல் ஐந்தாண்டுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அடிப்படை 6,000 என்றால் ஆண்டுக்கு 4,200. 9,000 என்றால் 6,300. மொத்தம் அதே 15,000-தான், பிரிப்பதில்தான் இழப்பு. பேரம் பேச வேண்டிய இடம் இது.

அடுத்தது வாடகை. அங்கே ஆண்டு வாடகையைச் சில காசோலைகளாகப் பிரித்து வாங்குவார்கள். 72,000 வாடகை, நான்கு காசோலை என்றால் முதல் தவணை 18,000. அட்வான்ஸ் 5% (3,600), ஏஜென்ட் கமிஷன் 5% (3,600), மின்சாரம்-குடிநீர் இணைப்புக்கு 2,000. சாவி வாங்குமுன் 27,200 வேண்டும். முதல் சம்பளத்தில் இது நடக்காது. குடியேற்றத் தொகை அல்லது முன்பணம் தருவதாகக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். வாடகையில் 5% நகராட்சிக் கட்டணமும் மின் பில்லோடு மாதாமாதம் வரும்.

கே: ஜெர்மனியில் ஆண்டுக்கு 60,000 யூரோ. குடும்பம் ஓராண்டு சென்னையிலேயே இருக்கும். கைக்கு எவ்வளவு?

மாதம் 3,100 முதல் 3,200 வரை எதிர்பார்க்கலாம். மனைவி சென்னையில் இருக்கும்வரை உங்களுக்கு வரி வகுப்பு 1 (தனி ஆளுக்கான பிடித்தம்). அவர் அங்கே வந்து முகவரி பதிந்த பிறகுதான் வகுப்பு 3 (பிடித்தம் குறைவு) கேட்க முடியும். கைச்சம்பளம் கூடுவது அப்போதுதான். இணையச் சம்பளக் கணிப்பானில் 'திருமணமானவர்' என்று தட்டி ஏமாறுவது இங்கேதான். வருமானமில்லாத மனைவி, பிள்ளைகள் அங்கே குடியேறியதும் அரசு மருத்துவக் காப்பீட்டில் கூடுதல் பிரீமியம் இல்லாமல் சேரலாம்.

வீட்டு விளம்பரத்தில் கால்ட்மீட்டே என்றிருந்தால் அது வெறும் வாடகை. ஹீட்டர், தண்ணீர்ச் செலவு தனி. அட்வான்ஸ் அதில் மூன்று மாதம் வரை. பல வீடுகளில் சமையலறை மேடையும் அடுப்பும்கூட இருக்காது; அதற்கான பணத்தையும் முதல் மாதக் கணக்கில் சேருங்கள்.