தண்ணீரைக் குறையுங்கள், வெயிலைக் கூட்டுங்கள்: அரளி கேள்வி–பதில்

நெடுஞ்சாலை நடுத்திட்டில் லாரிப் புகையையும் சித்திரை வெயிலையும் வாங்கிக்கொண்டு பூத்துக் குலுங்கும் அரளி, வீட்டுத் தொட்டிக்கு வந்ததும் ஏன் முரண்டு பிடிக்கிறது? இம்முறை வந்த கேள்விகளில் பல இதையே சுற்றி வருகின்றன. மற்றவை அதன் நஞ்சைப் பற்றியவை. அவற்றுக்குச் சற்று நீண்ட பதில் தேவைப்பட்டது.

மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் செவ்வரளி வைத்து இரண்டு வருடம் ஆகிறது. இலை தளதளவென்று இருக்கிறது. பூவோ வருடத்துக்கு நாலைந்து கொத்துத்தான். தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதம் ஒருமுறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். என்ன குறை?
– வாசகி, மடிப்பாக்கம்

குறை எதுவும் இல்லை, கவனிப்புத்தான் கூடிவிட்டது. முதலில் புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். அதில் தழைச்சத்து மிகுதி. அரளிக்கு அதை மாதாமாதம் கொடுத்தால் இலையும் தண்டுமாக வளர்ந்துகொண்டே போகும், மொட்டு வைக்காது. வருடத்துக்கு இரண்டு முறை, ஆடியில் ஒன்று, தையில் ஒன்று என்று இரண்டு கை மண்புழு உரமோ மக்கிய தொழு உரமோ போட்டு மேல்மண்ணைக் கிளறிவிட்டால் போதும்.

அடுத்தது தண்ணீர். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். ஈரம் இருந்தால் அன்று விட்டுவிடுங்கள். சென்னைக் கோடையில் மாடித் தொட்டிக்குத் தினமும் தேவைப்படலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் பத்து நாள் குழாயைத் திறக்கவே வேண்டாம். அடி இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தால் பலரும் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றுகிறார்கள். வேர் மூச்சுத் திணறுவதாலும் இலை அப்படித்தான் மஞ்சளாகும்.

மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழும் மூலையில் செடி இருந்தால் இன்றே நகர்த்துங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் படவேண்டும். இதற்கு நான் சலுகையே தருவதில்லை. இடத்தை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் பலன் கிடைக்காது.

எங்கள் வாசலில் பதினைந்து வருட அரளி நிற்கிறது. மகளுக்கு இப்போது இரண்டு வயது. விஷச்செடி, வெட்டிப் போடு என்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை.
– வாசகி, நாமக்கல்

உங்கள் மாமியார் அனுபவத்தில் பேசுகிறார், அவர் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். அரளியின் இலை, பூ, தண்டு, வேர், விதை எல்லாமே நஞ்சு. இலை காய்ந்த பிறகும் நஞ்சு போகாது. அதிலுள்ள ஒலியாண்ட்ரின் போன்ற பொருள்கள் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைப்பவை. வாந்தி, வயிற்றுவலி, மயக்கம், நாடி மெதுவாதல் என்று அது வெளிப்படும்.

அதே சமயம், செடியைத் தொட்டாலோ அதன் பக்கத்தில் விளையாடினாலோ எதுவும் ஆகிவிடாது. உள்ளே போனால்தான் ஆபத்து. இலை கடுங்கசப்பு என்பதால் பெரும்பாலான குழந்தைகள் துப்பிவிடும். ஆனால் அந்தக் கசப்பை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

என் யோசனை இது. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் வயது கடக்கும் வரை கீழ்க்கிளைகளை இடுப்பளவு உயரத்துக்குக் கழித்துவிடுங்கள். சுற்றிலும் வலைவேலி போடுங்கள். உதிர்ந்த பூவையும் இலையையும் காலையிலேயே கூட்டி அள்ளிவிடுங்கள், ஏனென்றால் தவழும் குழந்தையின் கைக்கு முதலில் எட்டுவது அவைதான். இவற்றைத் தினமும் செய்ய முடியாத வீடு என்றால் செடியை எடுத்துவிடுவதே சரி. அரளியை மிகவும் நேசிப்பவன்தான் இதைச் சொல்கிறேன். ஒரு கிளையைக் குழந்தை இல்லாத உறவினர் வீட்டில் நட்டு வையுங்கள். பிறகு அதிலிருந்தே மறுபடி ஒரு செடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

குழந்தை மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால்: வாயில் இருப்பதை எடுத்துவிட்டு வாயைக் கழுவுங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டைக்குள் விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள், அல்லது நேரே மருத்துவமனைக்குப் போங்கள். கையோடு அந்த இலையையோ பூவையோ கொண்டுபோனால் மருத்துவர் வேலை எளிதாகும். குழந்தை நன்றாகத்தானே விளையாடுகிறது என்று காத்திருக்க வேண்டாம்.

மஞ்சள் அரளியும் செவ்வரளியும் ஒன்றின் வகைகள்தானே?
– வாசகர், திருவண்ணாமலை

இல்லை, பெயர்தான் ஒன்று. செவ்வரளியின் தாவரப் பெயர் நீரியம் ஒலியாண்டர். பெரும்பாலும் ஒரு கணுவில் மூன்று இலைகள் சேர்ந்து வரும். பூ விரிந்து பரந்திருக்கும். காய் நீளமான குச்சி போல, உள்ளே பஞ்சு வைத்த விதைகள். மஞ்சள் அரளி அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்த வேறு மரவகை. பூ மணிபோல் குவிந்திருக்கும், கிள்ளினால் பால் வடியும், காய் உருண்டையாகச் சற்றே பிதுங்கி இருக்கும். இரண்டும் நித்தியகல்யாணி, நந்தியாவட்டை அடங்கிய ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை, இரண்டும் நஞ்சு. குழந்தைகள் கொட்டை என்று நினைத்துப் பொறுக்கி விளையாடுவது மஞ்சள் அரளிக் காயைத்தான். பள்ளிக்கூட வளாகங்களில் அதை வைக்கவே கூடாது என்பது என் கருத்து.

அரளிக் கிளை தண்ணீரில் வேர்விடும் என்கிறார்கள். நான் வைத்தவை இரண்டு முறையும் அழுகிவிட்டன.
– வாசகர், கும்பகோணம்

பச்சைநிற இளந்தண்டை வெட்டியிருப்பீர்கள். பச்சை மாறிச் சாம்பல் நிறம் தொடங்கும், பென்சில் கனமுள்ள தண்டுதான் வேண்டும். ஏழெட்டு அங்குல நீளத்துக்குக் கணுவுக்குக் கீழே வெட்டுங்கள். உச்சியில் நாலைந்து இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாகக் கத்தரித்துவிடுங்கள். பழுப்புநிறப் பாட்டிலில் மூன்று அங்குலத் தண்ணீர் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றவேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வாரத்தில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும். வேர் ஓர் அங்குலம் வளர்ந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், அதற்கு மேல் தண்ணீரில் விட்டால் மண்ணில் பிடிக்கத் தடுமாறும். ஆடி, ஆவணியில் நேரடியாக மண்ணில் போத்து ஊன்றினாலும் நன்றாகவே பிடிக்கும்.

அந்தப் பாட்டில் தண்ணீரிலும் நஞ்சு இறங்கியிருக்கும். சமையலறை மேடையில் வைக்காதீர்கள். நாய், பூனை வாய்வைக்காத இடமாகப் பாருங்கள்.

கொழுந்து முழுக்க மஞ்சள் மஞ்சளாய்ப் பூச்சி. போதாததற்கு விரல் தடிமன் பச்சைப் புழு ஒன்று, கண் வைத்து முறைப்பது போல இருந்தது. இலைக்கு அடியில் வெள்ளிக் கம்மல் மாதிரி ஏதோ தொங்குகிறது. மருந்து அடிக்கலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

கம்மலைத் தொடாதீர்கள்! அது வெண்புள்ளிக் கருப்பன் வகைப் பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு. கண்ணாடி போல் மின்னும். ஒரு காலைநேரத்தில் அது வெடித்துப் பட்டாம்பூச்சி வெளிவருவதைப் பார்க்கும் வாய்ப்பு உங்கள் வாசலுக்கே வந்திருக்கிறது.

பச்சைப் புழுவும் ஓர் அந்துப்பூச்சியாகப் போவது. அதன் தலைப்பக்கம் இருக்கும் நீலவட்டங்கள் உண்மைக் கண்கள் அல்ல, பறவைகளை மிரட்டும் பொய்க் கண்கள். நன்றாகத் தின்னும், ஒரு கிளையை மொட்டையாக்கிவிடும். பெரிய செடி என்றால் அந்தக் கிளை மூன்று வாரத்தில் மறுபடி துளிர்த்துவிடும், போகட்டும் என்று விடுங்கள். சின்னத் தொட்டிச் செடி என்றால் குச்சியால் எடுத்து வேறொரு பெரிய அரளியில் விடலாம்.

மஞ்சள் பூச்சி அசுவினி. அரளியின் நஞ்சையே தன் உடம்பில் சேர்த்துக்கொண்டு, அந்த மஞ்சள் நிறத்தால் எதிரிகளை எச்சரிக்கும் பூச்சி அது. தழைச்சத்து மிகுந்த இளங்கொழுந்து இருக்கும் இடத்தில்தான் மொய்க்கும். மடிப்பாக்கம் வாசகிக்குச் சொன்ன உர யோசனை உங்களுக்கும் பொருந்தும். முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். மூன்று நாள் தொடர்ந்து செய்தும் குறையாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது காதி சோப்பும் கலந்து, மாலையில், கொழுந்தில் மட்டும் தெளியுங்கள். கடைப் பூச்சிமருந்து இந்தச் செடிக்குத் தேவைப்பட்டதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பாகிவிட்டது. ரோஜா, மல்லிகை எல்லாம் போய்விட்டன. அரளியாவது வருமா?
– வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

வரும். கடற்கரை மணலிலும் உப்புக் காற்றிலும் நிற்கக்கூடிய செடி இது. அதன் இலையைத் திருப்பிப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் நுண்ணிய குழிகள் தெரியும். மற்ற செடிகள் மூச்சுவிடும் துளைகளை இலையின் பரப்பிலேயே வைத்திருக்க, அரளி அவற்றை இந்தக் குழிகளுக்குள் ரோமப் போர்வைக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறது. வறண்ட காற்று நேரடியாகப் படாததால் ஈரம் வீணாவதில்லை. மேற்புறமோ தடித்த மெழுகுத் தோல். நம் வறண்ட மண்ணில் பூந்தோட்டம் கேட்பவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்.

தொட்டியில் வைக்காமல் தரையில் நடுங்கள். தொட்டியில் உப்பு படிந்துகொண்டே போகும், தரையில் மழை கழுவிவிடும். முதல் ஆறு மாதம் மட்டும், முடிந்தால், சேமித்த மழைநீர் கொடுத்து வேரூன்ற வையுங்கள்.

ஆளுயரத்துக்கு மேல் போய், கீழே வெறும் குச்சியாகவும் உச்சியில் மட்டும் இலையாகவும் நிற்கிறது. அடியோடு வெட்டினால் பிழைக்குமா?
– வாசகர், மேட்டூர்

பிழைக்கும். 1945இல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில், இனி நெடுங்காலம் எதுவும் முளைக்காது என்று அஞ்சிய மண்ணில், முதலில் பூத்தவற்றுள் அரளியும் ஒன்று. அதனாலேயே அந்நகரம் 1973இல் அதைத் தன் நகர மலராக்கிக்கொண்டது. உங்கள் கத்தரிக்கோலுக்கு அது அஞ்சாது.

அரளி பூப்பது புதுக்கிளை நுனியில். கவாத்து இல்லாவிட்டால் நுனிகள் உயர்ந்துகொண்டே போகும், பூவும் கண்ணுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விடும். பூ குறைந்திருக்கும் மார்கழி, தையில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். ஒரே நாளில் மொட்டையாக்க மனமில்லை என்றால், மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை இந்த வருடம், மீதியை அடுத்த இரு வருடங்களில் என்று பிரித்துக்கொள்ளலாம். நான் இரண்டாம் வழியையே விரும்புவேன், வாசலும் வெறிச்சோடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சாறு கண்ணில் படக்கூடாது.

பூஜைக்கு வைத்த அரளியைப் பிரசாதத்தோடு கொடுக்கலாமா?
– வாசகி, சேலம்

சுவாமிக்குச் சாத்துங்கள், தட்டில் உணவோடு சேர்க்காதீர்கள். கேரளத்தில் 2024 மே மாதம் திருவிதாங்கூர், மலபார் தேவஸ்வம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்த்து, மற்றப் பூஜைகளில் பயன்படுத்தத் தடையில்லை என்று முடிவெடுத்தன. அதுவே சரியான வழி. அரளிக்குக் கரவீரம், கணவீரம் என்ற பழம்பெயர்கள் உண்டு. சம்பந்தர் பாடிய திருக்கரவீரத்தில் தலமரமே அலரிதான், அதாவது இதே அரளி. உங்கள் பக்கத்துப் பனமரத்துப்பட்டியில் ஏக்கர் கணக்கில் அரளி பயிரிட்டு மொட்டாகப் பறித்துச் சந்தைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு இந்தப் பூ வேண்டும். மாலையாக அது தொடரட்டும். கட்டி முடித்ததும் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அடுப்படிக்குப் போங்கள்.

வெட்டிய கிளைகளை என்ன செய்வது? வெந்நீர் அடுப்பில் வைக்கலாமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

வேண்டாம். அதன் புகையும் ஆகாது. ஆடு மாடு தின்னும் இடத்தில் வாடிய தழையைக் குவிக்கவும் வேண்டாம். பச்சையில் ஒதுக்கும் கால்நடை, மற்ற தீவனத்தோடு கலந்து வாடிக் கிடந்தால் தின்றுவிடலாம். தோட்டத்து மூலையில் இரண்டடிக் குழி வெட்டிப் புதைத்து, மேலே மண் மூடிவிடுங்கள்.