முனை சேரவில்லையா, ஓரம் முடியவில்லையா? குவில்ட் கேள்வி பதில்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு மாடியில் 19 வருடமாகக் குவில்ட் வகுப்பு எடுக்கிறேன். அதற்கு முன்னால் அதே மாடியில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். புதியவர்களுக்காக ஒரு வரி: துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, கீழே அடித்துணி, மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் இருந்தால்தான் அது குவில்ட். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மாமியார் கொடுத்த பழைய உஷா கால் மிஷின் இருக்கிறது. புது மிஷின் வாங்கித்தான் ஆக வேண்டுமா? (அல்சூர்)

வேண்டாம்மா. துண்டு இணைக்க நேர்த்தையல் ஒன்றே போதும், அதில் அந்தக் கறுப்பு மிஷினை மிஞ்ச ஆள் கிடையாது. ஊசி இறங்கும் துளை சிறியது, அதனால் துணியின் மூலையை உள்ளே விழுங்காது. முதலில் தகட்டைக் கழற்றி, துணியை நகர்த்தும் பல்லுக்கு அடியில் சேர்ந்திருக்கும் பஞ்சுத் தூசியைப் பழைய பிரஷ்ஷால் எடுங்கள். எண்ணெய் விடுங்கள். பெல்ட் தளர்ந்திருந்தால் அரை இன்ச் வெட்டி மறுபடி கோர்த்துவிடலாம். 14 நம்பர் ஊசி புதிதாகப் போடுங்கள். மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம் நூல் வைத்துத் தைத்துப் பார்த்தால், எந்தப் பக்கம் இழுக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது மட்டும் சிரமம் வரும். அப்போது, துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் காலுக்கு மேலே இருக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துங்கள். அப்படியும் துணி சுருண்டால் அந்த வேலையைக் கையாலேயே ஓட்டுத்தையல் போடலாம்.

ஐந்து வருடம் டைலரிங் செய்தவள் நான். பிளவுஸ் கச்சிதமாக வருகிறது, ஆனால் ஒன்பது கட்டம் சேர்த்தால் முனைகள் ஒன்றோடொன்று சேர்வதே இல்லை. கட்டங்களும் ஒரே அளவில் இல்லை. (ராமமூர்த்தி நகர்)

உங்கள் கை நல்ல கைதான், பழகிய பழக்கம்தான் வேறு. பிளவுஸில் பின்னால் பிரித்துவிட வேண்டும் என்று ஒரு இன்ச் வரை உள்ளே விட்டுத் தைத்திருப்பீர்கள். அரை நூல் (ஒரு நூல் என்றால் இன்ச்சில் எட்டில் ஒரு பங்கு) கூடினாலும் குறைந்தாலும் அங்கே ஒன்றும் ஆகாது. குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் கால் இன்ச், அதாவது தச்சர் கணக்கில் இரண்டு நூல். பத்துப் பட்டையை இணைத்தால் ஒன்பது தையல். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் அரை அரை நூல் அதிகம் பிடித்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல் போயிற்று. மொத்தம் ஒன்பது நூல், ஒரு இன்ச்சுக்கும் மேல்! பக்கத்து வரிசை சரியாக இருந்தால் இரண்டும் எப்படிச் சேரும்?

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப் பட்டையை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக இரண்டு இன்ச் இருக்க வேண்டும். குறைந்தால் அதிகம் பிடிக்கிறீர்கள். துணி மடியும் இடத்திலும் கொஞ்சம் போய்விடும் என்பதால், கால் இன்ச்சுக்கு ஒரு மயிரிழை குறைவாகப் பிடித்தால்தான் கணக்கு நேராகும். ஊசிக்கு நேர் கீழே ஸ்கேலை வைத்து, கால் இன்ச் கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே ஊசியை மெல்ல இறக்கி, ஸ்கேலின் ஓரத்தை ஒட்டி மிஷின் தகட்டில் நாலைந்து அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். துணி அந்தத் திண்டில் இடித்துக்கொண்டே போகும். என் வகுப்பில் நடுப் பட்டை இரண்டு இன்ச் வரும்வரை யாரையும் அடுத்த பாடத்துக்கு விடுவதில்லை. ஒருவருக்கு ஏழு தடவை வரவில்லை, எட்டாவது தடவை அவரே ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார்.

அப்புறம், இஸ்திரி. வேட்டிக்குத் தேய்ப்பதுபோல் இழுக்கக் கூடாது. வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுத்தால் துணி கோணும். முதல் வரிசைத் தையல்களை வலப்பக்கம் சாய்த்தால் அடுத்த வரிசையை இடப்பக்கம் சாயுங்கள். முனையில் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்வது விரல் நுனியில் தெரியும். அது தெரிந்த பிறகு குண்டூசி குத்துங்கள்.

உப்பு போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்குமா? சிவப்புச் சுங்குடியை வெள்ளையோடு சேர்க்கப் பயமாக இருக்கிறது. (ஜெயநகர்)

நிற்காது. சாயம் ஏற்றும் தொட்டியில்தான் உப்புக்கு வேலை, ஏற்றி முடித்த துணியில் இல்லை. தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசுவதுதான் வழி. பிறகு ஈர வெள்ளைத் துணியை மேலே வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். இன்னும் ஒட்டினால் அந்தத் துணி வெள்ளைக்குப் பக்கத்தில் வேண்டாம். மற்ற காட்டன் துணிகளையும் வெட்டுவதற்கு முன்னாலேயே நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது அப்போதே சுருங்கட்டும்.

துணி எங்கே வாங்குவது? (ஒயிட்ஃபீல்ட்)

மெட்ரோவில் சிக்பேட் இறங்குங்கள். கேம்ப்ரிக் காட்டன் கேளுங்கள். நூல், லேஸ், பட்டனுக்கு அவென்யூ ரோடு ராஜா மார்க்கெட். காட்டன் என்று சொல்லிக் கொடுத்ததில் சந்தேகம் வந்தால், வீட்டில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள். காகிதம் எரிந்த வாசனையோடு பொடியாக உதிர்ந்தால் காட்டன், உருகி மணி மாதிரி கெட்டியானால் பாலியெஸ்டர் கலந்தது. ஆனால் முதல் குவில்ட்டுக்குக் கடைக்கே போக வேண்டியதில்லை. பழைய காட்டன் சட்டை நாலு போதும்.

அம்மா போய் ஒரு வருடம் ஆகிறது. அவருடைய இரண்டு பட்டுப் புடவைகளை வெட்டிக் குவில்ட் செய்யலாமா? கத்தரியை எடுக்கவே கை வரவில்லை. (பசவனகுடி)

கை வரும்வரை எடுக்காதீர்கள். அவசரம் ஒன்றுமில்லை. அதுவரை வேறு வேலை இருக்கிறது. புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பு விழுந்த இடங்களைப் பாருங்கள். பட்டு அங்கேதான் முதலில் விடும். இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்தால் கீறல் விடும் இடத்தைச் சாக்பீஸால் குறித்து ஒதுக்குங்கள். மீதியில் இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய ஃப்யூசிங் துணியைப் பின்பக்கம் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் வெட்ட வேண்டும். இல்லையென்றால் ஓரமெல்லாம் பிரிந்து கையோடு வரும். ஜரிகைமேல் சூடு நேராகப் படாமல் ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள். பட்டுக் குவில்ட்டைத் தினமும் போர்த்தித் துவைக்க முடியாது. மடியில் போடும் அளவிலோ சுவரில் மாட்டும் அளவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

என் மாணவி ஒருவர் இப்படித்தான் தன் அம்மாவின் அரக்குப் புடவையைக் கொண்டு வந்தார். முந்தானை ஓரத்தில் உள்ளங்கை அளவுக்கு மஞ்சள் கறை. சமையல்கட்டில் கை துடைத்த இடம். அதை வெட்டி எறிந்துவிடலாமா என்று கேட்டார். நான் அதைத்தான் நடுக்கட்டமாக வைக்கச் சொன்னேன். இப்போது அவர் மகள் அந்த மஞ்சளில்தான் தலை வைத்துப் படுக்கிறாளாம்.

இது வெளிநாட்டுக் கலைதானே, நமக்கு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். (இந்திராநகர்)

நம் கர்நாடகத்திலேயே இருக்கிறது என்று சொல்லுங்கள். வடகர்நாடகத்துப் பாட்டிகள் பழம் புடவையை அடுக்கிக் கௌதி தைப்பார்கள். உத்தர கன்னடத்தில் ஹளியாள், யெல்லாபூர் பக்கம், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியில் வந்த சித்தி மக்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைப்பது கவந்தி. அடித்துணியை விரித்து ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் துண்டுகளை வைத்து, வைத்த கையோடு ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டே நடுவுக்கு வந்து சேர்வார்கள். அளவுகோல் கிடையாது. நாலு மூலையிலும் மடித்த முக்கோணத் துண்டுகளைப் பூப்போல அடுக்குவார்கள், பெயரும் பூலாதான். வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மகாராஷ்டிரத்துக் கோதடி எல்லாம் இதே குடும்பம்.

நடுவில் இலவம்பஞ்சு வைக்கலாமா? (எலக்ட்ரானிக் சிட்டி)

தலையணைக்குச் சரி. குவில்ட்டில் ஒரு மூலைக்குப் போய் உருண்டுகொள்ளும். விரிப்பாக வரும் காட்டன் பேட்டிங் வாங்குங்கள், அல்லது பழைய ஃபிளானல் போர்வை ஒன்றே போதும். பெங்களூர்க் குளிருக்கு அது தாராளம்.

நானும் வகுப்பு எடுக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? (ஹெப்பால்)

முடித்துக் கொடுப்பதிலிருந்து. நான் கற்க ஆரம்பித்தபோது ஒரு இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். அழகான மேல்துணியோடு வீடு வந்தேன். அடுக்குவது, ஓரம் கட்டுவது எதையும் அங்கே சொல்லித்தரவில்லை. அது மூன்று வருடம் பீரோவில் மடித்தபடி கிடந்தது. அதனால் என் மாணவர்களுக்கு முதலில் பெரிய போர்வை கிடையாது. 16 இன்ச் சதுரம், நாலு வகுப்பு. முதல் வகுப்பில் வெட்டு, இரண்டாவதில் இணைப்பு, மூன்றாவதில் மூன்று அடுக்கையும் ஒரு கை அகலத்துக்கு ஒரு பின் குத்தி அடுக்கித் தைப்பது, நாலாவதில் ஓரம். ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஆறாவது ஆளின் மிஷினில் நூல் சிக்கும்போது உங்கள் கை வேறெங்கோ இருக்கும். மாணவரின் துணியை வாங்கி நீங்களே தைத்துக் கொடுக்கவும் கூடாது. பக்கத்தில் உங்கள் துணியில் தைத்துக் காட்டுங்கள்.

ஓரம் கட்டும் பைண்டிங்கில் மூலை எனக்கு எப்போதும் உருண்டையாகவே வருகிறது. (கே.ஆர். புரம்)

இரண்டரை இன்ச் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போடுங்கள். குவில்ட்டின் முன்பக்கம் ஓரத்தோடு ஓரம் வைத்துத் தைத்துக்கொண்டே போய், மூலைக்குக் கால் இன்ச் இருக்கும்போது நிறுத்திக் கெட்டித்தையல் போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். மூலை வரை தைத்துவிடுவதால்தான் உருண்டையாகிறது. இப்போது குவில்ட்டை அடுத்த பக்கத்துக்குத் திருப்பி, பட்டையை நேர் மேலே மடியுங்கள், மூலையில் சாய்வாக ஒரு மடிப்பு விழும். அதை விரலால் பிடித்துக்கொண்டே பட்டையைக் கீழே இறக்குங்கள். மேல் மடிப்பு குவில்ட்டின் மேல் ஓரத்தோடு சரியாக நிற்க வேண்டும். அந்த ஓரத்திலிருந்தே மறுபடி தைக்கத் தொடங்குங்கள். நாலு பக்கமும் முடிந்ததும் பட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஒளித்தையல் போடுங்கள், மூலை தானாகக் கூர்மையாக உட்காரும். அப்படியும் வரவில்லையென்றால் அந்த ஒரு மூலையை மட்டும் பிரித்துக் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து சேர்ந்தே போடலாம்.