அப்பாவின் ஆர்க்கிட் சட்டிகள்

கேள்வி: அப்பாவுக்கு இரத்தப் புற்றுநோய். இரண்டாவது கீமோவுக்குப் பிறகு வந்த காய்ச்சல், ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஏற்றியும் இறங்கவில்லை. சிடி ஸ்கேன் எடுத்துவிட்டு நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்றார்கள். இப்போது வீட்டில் பூஞ்சைக்கான வோரிகொனசோல் மாத்திரை சாப்பிடுகிறார். கைக்குழந்தை இருக்கிற வீடு, ஒட்டிக்கொள்ளுமா? ஆர்க்கிட் சட்டிகளைத் தொடாதீர்கள் என்றால் கோபப்படுகிறார்.
– ஒரு மகள், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: ஒட்டாது. பேரன் தாராளமாகத் தாத்தா மடியில் உட்காரலாம், பேரனுக்குச் சளி இருந்தால் மட்டும் வேண்டாம், ஏனென்றால் இப்போது ஆபத்து தாத்தாவுக்குத்தான். இந்தப் பூஞ்சையின் வித்துகள் 2, 3 மைக்ரான் அளவில் காற்றில் எங்கும் மிதக்கின்றன, நீங்களும் நானும் தினமும் உள்ளே இழுக்கிறோம், வெள்ளையணுக்கள் அதைத் தீர்த்துவிடுகின்றன. கீமோவில் அந்த அணுக்கள் அடிமட்டத்துக்குப் போனபோது உள்ளே போனது அங்கேயே வேர்விட்டுவிட்டது.

ஆர்க்கிட் விஷயத்தில் அப்பா பாதி சரி. பூவைப் பார்ப்பதில் ஒன்றுமில்லை. ஆனால் நம் ஊர் ஈரத்துக்கு மக்கிப்போன தேங்காய் மட்டையைச் சட்டியிலிருந்து பிய்க்கும்போது சாம்பல் மாதிரி ஒரு தூள் பறக்குமே, அதுதான் வேண்டாம். அவர் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து உத்தரவு போடட்டும், சட்டி மாற்றுவது நீங்கள். பக்கத்து வீட்டில் ரெனோவேஷன் என்று சுவர் உடைத்தால் ஜன்னலைச் சாத்துங்கள்.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள். போட்ட கொஞ்ச நேரத்தில் கண் கூசும், நிறம் மாறித் தெரியும், பயப்பட வேண்டாம், தானாக அடங்கும். ஆனால் அந்த நேரத்தில் கார் ஓட்டக் கூடாது. வெயில் பட்டால் தோல் சிவந்துவிடும், வெளியே போனால் முழுக்கைச் சட்டை. காய்ச்சல் நின்றுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், குறைந்தது 6 முதல் 12 வாரம் ஓடும். மற்ற மருந்துகளோடு சட்டென்று மோதும் மாத்திரை இது, அதனால் புது மருந்து எதுவானாலும் முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். மூட்டுவலிக்கென்று யாராவது ஜாமு என்ற நாட்டு மூலிகை மருந்து வாங்கி வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள், அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், இருக்கிற எதிர்ப்புச் சக்தியும் போய்விடும்.

அப்புறம், சளியில் ரத்தம் தெரிந்தாலோ காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ பானடோல் காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணி ஆனாலும் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், மருந்துப் பையையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.