பக்கத்துச் சபையின் பயிற்சிக்குப் போகலாமா?

கேள்வி: எங்கள் வட்டாரத்தில் வெவ்வேறு பிரிவைச் சேர்ந்த மூன்று தமிழ்ச் சபைகள் ஒன்றாகச் சேர்ந்து, நான்கு சனிக்கிழமைகளுக்கு ஒரு பயிற்சி நடத்துகின்றன. அக்கம்பக்கத்தாரிடமும் வேலையிடத்திலும் நம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது என்று சாதாரண விசுவாசிகளுக்குச் சொல்லித் தருகிறார்களாம். எங்கள் போதகர், "அங்கே போகாதீர்கள், ஆடுகளை இழுத்துக்கொள்வார்கள்" என்று ஆராதனையிலேயே அறிவித்துவிட்டார். என் கணவரோ, "சுவிசேஷம் சொல்வது ஊழியக்காரர் வேலை. சிங்கப்பூரில் மதம் பேசினால் வம்புதான்" என்கிறார். போன மாதம் எதிர்வீட்டு இந்து அக்கா அறுவைச் சிகிச்சைக்குப் போகும் முன், "எனக்காக உங்க சாமிகிட்ட வேண்டிக்கோ" என்றார். "சரிக்கா" என்று தலையாட்டிவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றிலிருந்து மனது உறுத்துகிறது. பயிற்சிக்குப் போகலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈசூன்

பதில்: போங்கள், சகோதரி. போதகரிடம் சொல்லிவிட்டே போங்கள். ஒளிந்து செய்கிற காரியம் இல்லை இது.

உங்கள் போதகரின் பயம் எனக்குப் புரிகிறது. நம் தமிழ்ச் சபைகள் பெரும்பாலும் சிறியவை. கீபோர்டு வாசிக்கிற ஒரு பையன் வேறு சபைக்குப் போய்விட்டாலே அடுத்த ஞாயிறு பாட்டு தடுமாறும். ஆடு திருடுவது, அதாவது அடுத்த சபையின் விசுவாசிகளை இழுத்துக்கொள்வது, நம்மிடையே நடக்கவே இல்லை என்று நான் சொன்னால் அது பொய். ஆனால் அந்தப் பயம் நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் சில சபைகள் சேர்ந்து நடத்திய ஒரு கூட்டத்தின் ஏற்பாட்டுக் குழுவில் நான் இருந்தேன். இயேசுவைப் பற்றி மேலும் அறிய வேண்டும் என்று பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிக் கொடுத்தவர்களின் சீட்டுகள் ஒரு உறையில் இருந்தன. எந்தச் சீட்டு எந்தச் சபைக்கு என்று மூன்று வாரம் பேசினோம். அந்த மூன்று வாரத்தில் அவர்களில் ஒருவரைக்கூட யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டபோது பாதிப் பேர், "எந்தக் கூட்டம்?" என்று கேட்டார்கள். இன்றும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாற்கு 9ஆம் அதிகாரத்தில் யோவான் ஆண்டவரிடம் வந்து, ஒருவன் உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினான், அவன் நம்மைப் பின்பற்றாதவன், ஆகையால் தடுத்தோம் என்கிறார். "உம்மை" என்று அவர் சொல்லவில்லை, "நம்மை" என்கிறார். கவனித்துப் படியுங்கள். தடுக்கவேண்டாம் என்பதுதான் ஆண்டவரின் பதில். உங்கள் போதகர் இந்தப் பகுதியை மேடையில் பலமுறை பிரசங்கித்திருப்பார். அந்த ஞாயிறு அறிவிப்பைச் செய்யும் முன் இதை ஒருமுறை வாசித்திருக்கலாம் என்பதை மரியாதையோடு சொல்கிறேன்.

தமிழராகிய நமக்கு இதில் சொந்த வரலாறே உண்டு. திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. தெலுங்கு நாட்டுக்கு ஊழியம் செய்யப் போய், 1912இல் தோர்னக்கல்லின் முதல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் பேராயரான முதல் இந்தியர் அவர்தான். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஞானஸ்நானம் பெற்றவர்களைத் தங்கள் தலைமேல் தாங்களே கை வைத்து, "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்ல வைப்பார். பவுல் தன்னைப் பற்றி எழுதிய வார்த்தை அது. அதைச் சொன்னவர்களில் பெரும்பாலோர் நிலத்தில் கூலி வேலை செய்த, எழுதப் படிக்கத் தெரியாத ஏழைகள். நற்செய்தியைச் சொல்வது படித்த உபதேசியாரின் வேலை என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் வழியாகத்தான் அந்தக் கிராமங்களில் சபை வளர்ந்தது.

அதே அசரியாதான் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று வாழ்நாள் முழுவதும் பாடுபட்டார். 1919இல் தரங்கம்பாடியில் கூடி அந்த முயற்சியைத் தொடங்கியவர்களில் அவர் முக்கியமானவர். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அவர் உயிரோடு இல்லை. 1945 தொடக்கத்திலேயே காலமாகிவிட்டார். சாட்சியும் ஐக்கியமும் அவருக்கு இரண்டு தனித்தனி அக்கறைகள் அல்ல. கிறிஸ்துவை அறியாதவர்கள் முன்னால் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றால், நாம் சொல்வதை யார் நம்புவார்கள் என்பதே அவர் கவலை. நம் ஊர்ப் பீட்டர்களும் மேரிகளும் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். ஞாயிறு மாலை தேக்காவுக்கு வருகிற ஒரு தமிழருக்கு, ஷார்ட் ஸ்திரீட் மெதடிஸ்ட் ஆலயத்துக்கும் டோர்செட் ரோடு கிறிஸ்து ஆலயத்துக்கும் 1888இல் கட்டிய ஓஃபிர் ரோடு லூர்து மாதா ஆலயத்துக்கும் என்ன வித்தியாசம் என்று தெரியாது. அவருக்கு எல்லாம் 'வேதக்காரங்க கோயில்'. ஒன்றில் அவருக்கு மனக்கசப்பு வந்தால் எல்லாவற்றின் மேலும் வரும்.

சிங்கப்பூரில் சபைகள் சேராமலும் இல்லை. 1978 டிசம்பரில் அமெரிக்கச் சுவிசேஷகர் பில்லி கிரஹாம் தேசிய விளையாட்டரங்கில் ஐந்து நாள் பேசியபோது இருநூறுக்கும் மேற்பட்ட சபைகள் தோள் கொடுத்தன. 2019 மே மாதம் புதிய அரங்கிலும் மூன்று நாள் அப்படிச் சேர்ந்தார்கள். நல்லது. ஆனால் அரங்கக் கூட்டத்துக்கு யாரும் அழைக்காமல் தானாக வந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. யாரோ ஒரு நண்பர், ஒரு சக ஊழியர், ஒரு மருமகள் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அந்த நண்பரைத் தயார்படுத்துகிற வேலைக்குத்தான் உங்கள் வட்டாரத்தில் மூன்று சபைகள் நான்கு சனிக்கிழமைகளை ஒதுக்கியிருக்கின்றன.

இனி உங்கள் கணவருக்கு. ஊழியக்காரர் வேலை என்கிறார். அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை அவரோடு உட்கார்ந்து வாசியுங்கள். துன்பம் வந்தபோது அப்போஸ்தலர் எருசலேமிலேயே இருந்தார்கள், மற்றவர்கள்தான் சிதறிப்போனார்கள். சிதறினவர்கள்தான் போன இடமெல்லாம் வசனத்தைச் சொன்னார்கள். அந்தியோகியா சபை அப்படிப் பிறந்தது. அதைத் தொடங்கியவர்களின் பெயர்கூட வேதத்தில் இல்லை.

வம்பு வரும் என்பதற்கும் பதில் உண்டு. நம் அரசமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தன் மதத்தை அறிக்கையிடவும் கடைப்பிடிக்கவும் பரப்பவும் ஒவ்வொருவருக்கும் உரிமை தருகிறது. 1990இல் இயற்றி 1992இல் நடப்புக்கு வந்த மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம், முக்கியமாக மதங்களுக்கிடையே பகை மூட்டுவதைத் தடுக்கிறது. 2009இல் ஒரு கிறிஸ்தவத் தம்பதிக்கு எட்டு வாரம் சிறைத்தண்டனை கிடைத்தது. இன்னொரு மதத்தைப் புண்படுத்தும் கைப்பிரதிகளை அஞ்சலில் அனுப்பியிருந்தார்கள். அடுத்த ஆண்டே ஒரு போதகர் புத்த மதத்தைக் கேலி செய்து பேசி, பிறகு மன்னிப்புக் கேட்டார். இரண்டிலும் தவறு நம் பக்கம்தான். ஆகவே பயிற்சி நடத்துகிறவர்களிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: என்ன பேசக்கூடாது என்றும் சொல்லித் தருவார்களா? வீட்டுப் பணிப்பெண்ணை ஆராதனைக்கு வா என்று வற்புறுத்துகிற எஜமானி, தங்குவிடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியத் தம்பிக்கு அரிசியோடு சேர்த்துக் கைப்பிரதியையும் திணிக்கிற குழு, இவையெல்லாம் சாட்சியில் சேராது. "வேண்டாம்" என்று சொல்ல முடியாத இடத்தில் இருப்பவரிடம் நாம் பேசுவது வேறு, நமக்குச் சமமாக நிற்பவரிடம் பேசுவது வேறு. ஒரு சபை தனியாக இருந்தால் இந்தத் தவறு கண்ணில் படாமல் போகும். மூன்று சபைகள் ஒரு மேசையில் உட்கார்ந்தால், "ஐயா, இது சரியில்லை" என்று சொல்ல யாராவது இருப்பார்கள்.

உங்கள் போதகரிடமும் ஒரு யோசனை சொல்லுங்கள். வெளியே நின்று எச்சரிப்பதைவிட உள்ளே போய் ஒரு வகுப்பை அவரே எடுக்கட்டும். வேறு சபையின் அங்கத்தினரை அவருடைய போதகரிடம் பேசாமல் சேர்ப்பதில்லை என்று நான்கு சபைகளும் எழுதி ஒப்புக்கொள்ளட்டும். எந்தப் பேட்டையில் எத்தனை மணிக்குத் தமிழ் ஆராதனை என்ற ஒரே பட்டியல் எல்லார் கையிலும் இருக்கட்டும்.

கடைசியாக, அந்த அக்கா. அவர் உங்களிடம் பிரசங்கம் கேட்கவில்லை, ஜெபம் கேட்டார். உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததா என்று அதில் இல்லை. ஜெபித்தீர்களா என்றும் இல்லை. உங்களை உறுத்துவது இதுதான் என்று நினைக்கிறேன். விசாரித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்லுங்கள் என்று பேதுரு எழுதுகிறார். அந்த அக்கா உங்கள் வாசலிலேயே வந்து கேட்டிருக்கிறார். பயிற்சி தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே கொஞ்சம் கஞ்சி வைத்து எடுத்துக்கொண்டு போங்கள். "அக்கா, அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. இப்ப உங்க பக்கத்துல உட்கார்ந்து ஜெபிக்கட்டுமா?" என்று கேளுங்கள். சரி என்றால் இரண்டு நிமிடம், வீட்டுத் தமிழில் ஜெபியுங்கள். வேண்டாம் என்றால் கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு ஊர்க்கதை பேசிவிட்டு வாருங்கள், தீபாவளிக்கும் மறக்காமல் போங்கள். அப்புறம் என்றைக்காவது, "உங்க கோயிலுக்கு ஒரு நாள் வரேன்" என்று அவர் சொல்லி, உங்கள் சபை நேரம் அவருக்கு ஒத்துவராமல் போனால், பக்கத்துச் சபைக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போய் அவரோடு உட்காருங்கள்.