வாசகர் கேள்வி பதில்: மாட்டுங்காவில் பழைய கட்டடம், வாடகை வீடு

கேள்வி: கிங்ஸ் சர்க்கிள் பக்கம் 1930களில் கட்டிய மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு பெட்ரூம் வீடு வருகிறது. வாடகை 45,000, டெபாசிட் 2 லட்சம். "பக்டி வீடுதான், பயப்பட ஒன்றுமில்லை. 11 மாதத்துக்கு எழுதினால் பதிவும் வேண்டாம்" என்கிறார் தரகர். நம்பலாமா?
– வாசகி, செம்பூர்

பதில்: தரகர் சொன்ன இரண்டுமே தப்பு.

பக்டி வீட்டில் இருப்பவர் உரிமையாளர் அல்ல. மொத்தமாகப் பணம் கொடுத்துக் குடியிருக்கும் உரிமையை வாங்கிய வாடகைதாரர். கட்டடச் சொந்தக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அவர் உங்களுக்கு விட்டால், மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-ன்படி அவரையே காலி செய்ய வைக்க அது போதும். அவரோடு நீங்களும் வெளியேற வேண்டியதுதான். டெபாசிட்டுக்கு அவர் பின்னால் அலைய வேண்டியதும் நீங்கள்தான்.

முதலில் காகிதத்தைக் கேளுங்கள். சொசைட்டி கட்டடமானால், அதாவது வீட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுச் சங்கத்துடையதானால், சங்கப் பங்குச் சான்றிதழான ஷேர் சர்டிபிகேட், மெயின்டனன்ஸ் பில் இரண்டும் வீடு விடுபவர் பெயரில் இருக்கும். பக்டியானால் கையில் வாடகை ரசீது மட்டும் இருக்கும். ரசீது கொடுத்தவரிடமிருந்து சம்மதக் கடிதம் வராமல் டோக்கன் பணம் கூடக் கொடுக்காதீர்கள். பெஸ்ட் (மும்பையின் மின்சார, பஸ் நிறுவனம்) மின் பில்லைக் காட்டினால் மயங்க வேண்டாம். அது வாடகைதாரர் பெயரிலும் வரும்.

பதிவு விஷயம்: மும்பையில் லீவ் அண்ட் லைசென்ஸ் ஒப்பந்தம் (குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க அனுமதி மட்டும் தரும் வாடகை ஒப்பந்தம்) எத்தனை மாதமானாலும் பதிவு செய்தே ஆக வேண்டும். பொறுப்பு வீட்டுக்காரருடையது. முத்திரை வரி 0.25 சதவீதம். உங்கள் கணக்கில் 11 மாத வாடகை 4,95,000. டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டி என்று வைத்து 11 மாதத்துக்கு 18,333. இரண்டும் சேர்ந்த தொகைக்கு வரி 1,300 ரூபாய் அளவில் வரும், பதிவுக் கட்டணம் 1,000. இந்தத் தொகைக்காகப் பதிவைத் தவிர்க்கச் சொல்கிறவரிடம் வேறு காரணம் இருக்கும்.

கேள்வி: இத்தனை பழைய கட்டடம் பத்திரமானதா என்று பார்த்தவுடன் சொல்ல முடியுமா?
– வாசகர், சயான்

பதில்: முழுதாகச் சொல்ல முடியாது, ஆனால் உத்தரத்தைப் பார்த்தால் பாதி தெரியும். அடிப்பக்கம் கம்பியின் நெடுகே ஒரே கோடாக விரிசல் ஓடினால், உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் அடைக்கும். அது மேலிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. புதுப் பெயிண்ட் அடித்த இடத்தில், குறிப்பாகக் குளியலறையின் மறுபக்கச் சுவரில், ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக் டொக்' என்று வெறுமையாக ஒலித்தால் பூச்சு சுவரை விட்டுவிட்டது. முடிந்தால் ஜூலை மாதத்தில் பாருங்கள். மார்ச்சில் எல்லா வீடும் அழகுதான்.

30 வருடம் தாண்டிய கட்டடத்துக்கு ஸ்ட்ரக்சுரல் ஆடிட் (கட்டட உறுதிச் சோதனை) உண்டு. அறிக்கையில் சி-1 என்று வகைப்படுத்தியிருந்தால் காலி செய்து இடிக்க வேண்டியது என்று பொருள். மழைக்கு முன் மாடா (மகாராஷ்டிர அரசின் வீட்டுவசதி அமைப்பு) வெளியிடும் அபாயக் கட்டடப் பட்டியலையும் பாருங்கள்.

ரீடெவலப்மென்ட், அதாவது இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சு நடந்தால் ஒன்று கவனம்: இடைக்கால வாடகையும் புது வீடும் உரிமையாளருக்கும் பக்டிக்காரருக்கும் தான். லைசென்ஸில் இருப்பவருக்கு ஒன்றும் கிடையாது. எனவே ஒரு மாத நோட்டீஸ், சாவி கொடுக்கும் அன்றே டெபாசிட் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய வயரிங்கில் ஏசி, கீசர் போடலாமா?
– வாசகி, வடாலா

பதில்: இருக்கும் லைன்களில் வேண்டாம். ஒன்றரை டன் ஏசி, 2 கிலோவாட் கீசர் இரண்டுக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனியாக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும் (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) வேண்டும். பழைய வீடுகளில் மூன்று துளை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. எலக்ட்ரீஷியனிடம் சாக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம். அனுமதித்த லோடு எவ்வளவு என்று மின் பில்லில் பாருங்கள். வயரிங் செலவு யாருடையது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.