காற்றின் மேல் போட்ட பழி

அன்புள்ள சார்,

சிட்னிக்குத் தெற்கே ஸ்டான்வெல் பார்க்கில் ஹேங் கிளைடிங் (இன்ஜின் இல்லாத இறக்கைக்குக் கீழே தொங்கியபடி பறப்பது) பழகியதைப் பற்றி நீங்கள் முன்பு எழுதியதைப் படித்துவிட்டுத்தான் நானும் பழகப் போனேன். இதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்து வாரங்களுக்கு முன்பு இறங்கும்போது விழுந்துவிட்டேன். அறுபது மணி நேரம் பறந்தவன், அதுவரை ஒரு சிராய்ப்புகூடக் கிடையாது. அன்று உள்நாட்டில் ஒரு பண்ணைப் பக்கம் பறந்தோம். வழக்கமாகப் புல்வெளியின் நடுவில்தான் இறங்குவோம். நல்ல வெயில், கிளைடரைத் தூக்கிக்கொண்டு அவ்வளவு தூரம் நடக்க வேண்டாமே என்று கடைசி நேரத்தில் கார்கள் நின்ற ஓரத்துக்குத் திரும்பினேன். மரங்களைத் தாண்டி, உடம்பை நிமிர்த்திக் கையைக் கீழ்க் கம்பியான பேஸ் பாரிலிருந்து பக்கக் கம்பிகளான டவுன்டியூப்களுக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஒரு காற்று அடித்தது. இடது இறக்கை தாழ்ந்தது. ஃபிளேர் செய்வதற்குள், அதாவது மூக்கைத் தூக்கிக் கிளைடரை நிறுத்துவதற்குள், பேஸ் பார் உயரமான புல்லில் மாட்டி, கிளைடரின் மூக்கு தரையில் குத்தியது. வலது மேற்கை எலும்பு முறிந்து பிளேட் வைத்திருக்கிறார்கள். எலும்பு கூடி வருகிறதாம். ஆனால் மணிக்கட்டைத் தூக்க முடியவில்லை, கை தொங்குகிறது.

கிளப்பில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பலமாக ஃபிளேர் பண்ணியிருக்க வேண்டும் என்கிறார் ஒருவர், ஓடி இறங்கியிருக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். மனைவி கிளைடரை விற்றுவிடச் சொல்கிறாள். காற்று அடித்ததற்கு நான் என்ன செய்திருக்க முடியும்? இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கை திரும்ப வருமா? மறுபடி பறக்கலாமா?

பெயர் வேண்டாம்,
சிட்னி

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கை. உங்களுக்கு இப்போது அதுதான் பெரிய கவலையாக இருக்கும். நான் டாக்டர் இல்லை, ஆனால் இதே கை இதே மாதிரி எனக்கும் தொங்கியிருக்கிறது.

மேற்கை எலும்பின் பின்புறமாக ரேடியல் நரம்பு சுற்றிக்கொண்டு இறங்குகிறது. எலும்பை ஒட்டியே போவதால், எலும்பு நடுவில் முறிந்தால் அதுவும் அடிபடலாம். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது என்கிறார்கள். பெரும்பாலும் நரம்பு அறுந்திருக்காது, நசுங்கியோ இழுபட்டோ இருக்கும். அப்படிப்பட்டவை பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடுகின்றன. பிளேட் வைத்தபோது நரம்பைக் கண்ணால் பார்த்தார்களா என்று உங்கள் சர்ஜனிடம் கேளுங்கள். பார்த்தோம், முழுசாக இருந்தது என்று சொன்னால் பாதிக் கவலை அன்றே போய்விடும்.

அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். நரம்பு வளரும் வேகம் ஒரு நாளைக்குச் சுமார் 1 மில்லிமீட்டர். எனக்குப் பதினோராவது வாரத்தில் முதல் அறிகுறி வந்தது. டம்ளரைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரல் மேலே பார்க்க முழங்கையை மடக்கி, இன்னொரு கையால் அதை அமுக்கிக்கொண்டு மேலே தூக்கப் பார்த்தால், முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் கயிறு மாதிரி ஒரு தசை எழும்ப வேண்டும். பிசியோதெரபிஸ்ட் தினமும் அதைத் தேடச் சொன்னார். ஒரு நாள் காலையில் எழும்பியது. மணிக்கட்டு ஐந்தாவது மாதம் ஒரு விரற்கடை தூக்கியது. அதுவரை மணிக்கட்டைத் தாங்கும் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு, மூட்டு இறுகிவிடாமல் இடது கையால் வலது மணிக்கட்டைத் தூக்கித் தூக்கி விடுவேன், கைக்குழந்தைக்குச் செய்வதுபோல.

கடைசியாக வந்தது கட்டைவிரல். சோற்றைப் பிசைந்து அள்ளி வாயருகே கொண்டுபோனதும் கட்டைவிரலால் கவளத்தை ஒரு தள்ளு தள்ளுகிறோமே, அந்தத் தள்ளலைச் செய்வது இந்த நரம்புதான். அது இல்லாமல் போன பிறகுதான் அப்படி ஒன்றைச் செய்துகொண்டிருந்தேன் என்பதே எனக்குத் தெரிந்தது. ஒன்பது மாதம் ஸ்பூன். ரசம் சாதத்தை ஸ்பூனில் சாப்பிடுவதைப்போலச் சோகமான காரியம் வேறில்லை.

சரி, இப்போது காற்று.

உங்கள் கடிதத்தை இன்னொரு தடவை, வேறு யாரோ எழுதியது என்று நினைத்துக்கொண்டு படியுங்கள். காற்று அடிப்பதற்கு முன்பே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நடக்கச் சோம்பல்பட்டுக் கார்ப் பக்கம் திரும்பினீர்கள். அந்த ஓரத்தில் மரங்கள். மரத்தின் மேலாக வரும் காற்று மறுபக்கம் சுழன்று புரண்டுகொண்டிருக்கும், மரத்தைப்போலப் பத்து மடங்கு தூரம்வரைகூட. பதினைந்து மீட்டர் மரமென்றால் நூற்றைம்பது மீட்டர். உங்களை அடித்தது திடீர்க் காற்று இல்லை, அங்கேயே குடியிருந்த காற்று. அதன் வீட்டுக்குள் நீங்கள் போனீர்கள், அதுவும் ஒரு கை பேஸ் பாரிலும் ஒரு கை டவுன்டியூபிலுமாக. அந்த நிலையில் இறக்கை தாழ்ந்தால் சரிசெய்யப் பாதிக் கைதான் இருக்கிறது. கை மாற்றுவதை உயரத்திலேயே, நேராக வந்துகொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று எல்லாப் பயிற்சியாளர்களும் சொல்வார்கள். உங்களால் முடியவில்லை. காரணம், நீங்கள் கார்ப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் போய்ச் சேருவது அந்தக் காரில்தான்.

குத்திக்காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் விழுந்ததும் ஒரு வருடம் இதே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். பொங்கல் விழாவில், பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தில், தொங்கும் கையைப் பார்த்து யார் கேட்டாலும், "தரைக்குப் பக்கத்தில் வந்தாச்சு, அப்ப பாத்து ஒரு காத்து..." என்று ஆரம்பிப்பேன். ஒவ்வொரு தடவையும் காற்று கொஞ்சம் பலமாகிக்கொண்டே போனது. அப்புறம் ஒரு நாள் கூடப் பறக்கும் நண்பர் ஒருவர் தன் போனில் இருந்த வீடியோவை அனுப்பினார். நான் உள்ளே வருகிறேன், ஓரமாக விண்ட்சாக், காற்றைக் காட்டும் துணிக்குழாய், தெரிகிறது. அதில் ஒரு மாற்றமும் இல்லை. முன்னும் பின்னும் ஒரே மாதிரி சோம்பலாக ஆடிக்கொண்டிருக்கிறது. நான் வேகம் குறைந்துபோய் வருகிறேன், அவ்வளவுதான். தரையின் உராய்வால் கீழே வரவரக் காற்றின் வேகம் குறையும், அதனால் கடைசி இருபது, முப்பது மீட்டரில் பாரை இழுத்துப் பிடித்து வேகத்தைக் காப்பாற்ற வேண்டும். நான் பயத்தில் பாரைத் தள்ளிவிட்டிருந்தேன். இரண்டு வினாடி. வீடியோவில் பளிச்சென்று தெரிகிறது.

பலமாக ஃபிளேர் பண்ணியிருக்க வேண்டும் என்ற அறிவுரையை இதனால்தான் நான் அவ்வளவாக மதிப்பதில்லை. ஃபிளேர் என்பது சேர்த்துவைத்த வேகத்தைச் செலவழிப்பது. தரையை ஒட்டி, இறக்கை சமமாக, வேகம் மெல்லக் கரைய வருகிறோம். பாரில் இழுவை லேசாகும் அந்தக் கணத்தில் டவுன்டியூப்களை மேலே தள்ளினால் மூக்கு தூக்கி, துணி முழுக்கக் காற்றைப் பிடித்து நிறுத்திவிடும். முந்தினால் கிளைடர் மேலே ஏறி, தொங்கி, விழும். பிந்தினால் தூக்க வேகம் இருக்காது, மூக்கு குத்தும். இறக்கை ஒரு பக்கம் தாழ்ந்திருக்கும்போது பலமாக ஃபிளேர் செய்திருந்தால் உங்கள் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும். கணக்கில் இல்லாத பணத்துக்குச் செக் எழுதச் சொல்கிறார் அந்த நண்பர்.

ஆனால் மூக்கு குத்தப்போகிறது என்று தெரிந்த பிறகும் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. கையை விட்டுவிட வேண்டும். பார் நின்றுவிடுகிறது, உடம்பு நிற்காமல் ஊஞ்சல் மாதிரி முன்னால் வீசப்படுகிறது. டவுன்டியூபை இறுகப் பிடித்த கை நடுவில் முறுக்கப்படுகிறது. மேற்கை எலும்பு முறிவது பெரும்பாலும் அப்படித்தான். விழும்போது எதையாவது பிடித்துக்கொள் என்று உடம்பு கத்தும். விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொள்ள வேண்டும். வளைந்த டவுன்டியூபுக்குப் பதில் இன்னொன்று வாங்கிவிடலாம்.

காற்றின் மேல் பழி போடுவது பழைய வழக்கம். ஜெர்மனியில் ஓட்டோ லிலியென்தால் சுமார் 2,000 முறை கிளைடரில் பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று கோலன்பெர்க் குன்றில் ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து, கழுத்தெலும்பு முறிந்து, மறுநாள் இறந்தார். காற்று தூக்கிவிட்டது, மூக்கை இறக்க அவரால் முடியவில்லை என்று சொல்லி முடித்துவிடலாம். ரைட் சகோதரர்கள் அப்படி முடிக்கவில்லை. உடம்பை ஆட்டி மட்டும் கிளைடரை அடக்க முடியாது என்பதே அவர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம். (நாம் மறுபடியும் உடம்பை நகர்த்தித்தான் பறக்கிறோம். ஆனால் நம் கையில் 1963இல் ஆஸ்திரேலியாவின் கிராஃப்டனில் ஜான் டிக்கன்சன் மாட்டிய, பேஸ் பாரும் டவுன்டியூப்களும் சேர்ந்த முக்கோணச் சட்டம் இருக்கிறது.) 1902இல் அவர்களுடைய கிளைடரும் ஒரு பக்கம் சாய்ந்து, சறுக்கி, மணலில் போய்க் குத்தியது, ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. அமெரிக்காவில் அவர்கள் பறந்த கிட்டி ஹாக்கில் காற்றுக்குப் பஞ்சமே இல்லை, பழி போட வசதியான இடம். அவர்கள் அதற்குக் கிணறு வெட்டுவது என்று கிண்டலாகப் பேர் வைத்து, ஏன் வெட்டுகிறது என்று தேடினார்கள். அசையாத வால்தான் காரணம் என்று கண்டுபிடித்து அதை அசையும் வாலாக மாற்றினார்கள்.

உங்கள் மனைவி சொல்வதற்கு வருகிறேன். நீங்கள் சொன்ன கதைப்படி அவர் சொல்வது முழுக்கச் சரி. காற்றுதான் காரணமென்றால் அடுத்த வாரமும் காற்று வரும், அதைத் தடுக்க உங்களால் முடியாது, கிளைடரை விற்பதுதான் புத்தி. நடக்கச் சோம்பல்பட்டுக் கடைசி நிமிடத்தில் திரும்பினேன் என்று அவரிடம் சொல்லிப் பாருங்கள். கோபம் இன்னும் அதிகமாகலாம். ஆனால் அப்போதுதான் பேசுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும்.

கதை கெட்டிப்படுவதற்குள் எழுதி வையுங்கள். எந்த உயரத்தில் திரும்பினேன், எந்தக் கை எங்கே இருந்தது, புல் எவ்வளவு உயரம் என்று. "திடீரென்று" என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். கிளப்புக்கும் ஒரு பிரதி கொடுங்கள், அதே மரங்களுக்குப் பின்னால் நாளைக்கு இன்னொருவர் இறங்கப் பார்ப்பார்.

மறுபடி பறக்கலாமா என்பதைக் கட்டைவிரல் திரும்பும்வரை யோசிக்கவே வேண்டாம். நான் பதினாலு மாதம் கழித்துப் போனேன். மலைக்கு அல்ல, ஒரு மணல்மேட்டுக்கு. பேஸ் பாரில் இரண்டு பெரிய பிளாஸ்டிக் சக்கரங்களை மாட்டிக்கொண்டு, நிமிராமலே, கவிழ்ந்தபடி, வயிற்றோடு வந்து இறங்கினேன். அங்கே விளையாடிக்கொண்டிருந்த சிறுவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். சக்கரம் கற்றுக்குட்டிகளுக்கு என்று கேலி செய்யும் ஆட்கள் எங்கள் பக்கத்திலும் உண்டு. இன்றைக்கும் நான் அதைக் கழற்றவில்லை. சனிக்கிழமை காலையில் காரை எடுக்கும்போது என் மனைவி வாசலில் நின்று, ஜாக்கிரதை என்றெல்லாம் சொல்வதில்லை. "சக்கரம் மாட்டியாச்சா?" என்று மட்டும் கேட்பாள்.