பெரிய லென்ஸா, சின்ன லென்ஸா: எது சீக்கிரம் எரிக்கும்?

கேள்வி: என் பூதக்கண்ணாடியின் விட்டம் 7.5 செ.மீ. வெயிலில் பிடித்தால் வெள்ளைத்தாள் சூடாகிறதே தவிர, புகைவதில்லை. நண்பனின் 5 செ.மீ. கண்ணாடியில் உடனே புகை வருகிறது. பெரியதுதானே அதிக வெயிலைச் சேர்க்கும்?
– 9-ஆம் வகுப்பு மாணவர், தேனி

பதில்: அதிகம் சேர்ப்பது பெரியதுதான். உச்சி வெயிலில் உங்கள் லென்ஸ் ஏறத்தாழ 4 வாட் சேர்க்கும். நண்பனுடையது 2 வாட்கூட இராது. ஆனால் அந்த வெப்பம் எவ்வளவு சிறிய புள்ளியில் விழுகிறது என்பதும் முக்கியம். தாளில் தெரியும் புள்ளி சூரியனின் பிம்பம். அதன் அகலம் குவியத் தொலைவில் (லென்ஸிலிருந்து வெயில் குவியும் இடம் வரை உள்ள தூரத்தில்) 107-இல் ஒரு பங்கு. லென்ஸின் விட்டம் எதுவானாலும் இந்தக் கணக்கு மாறாது.

முதலில் இரண்டு லென்ஸின் குவியத் தொலைவையும் அளந்துவிடுங்கள். அறைக்குள் நின்று, ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் உள்ள மரத்தின் பிம்பத்தைச் சுவரில் தெளிவாக விழச்செய்து, லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் போதும். உங்களுடையது 25 செ.மீ., நண்பனுடையது 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உங்கள் புள்ளி 2.3 மி.மீ., அவருடையது 0.9 மி.மீ. வெயிலின் செறிவு உங்களிடம் சுமார் 1,000 மடங்கு, அவரிடம் 2,900 மடங்கு கூடும். வித்தியாசம் அங்கேதான்.

உங்கள் லென்ஸும் எரிக்கும். வெள்ளைத்தாள் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. பென்சிலால் அழுத்திக் கறுப்பாக்கிய இடத்தில் புள்ளியை விழச்செய்யுங்கள். செய்தித்தாளின் கறுத்த எழுத்தும் நல்லது. லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்க வேண்டும், தாளும் அதற்கு இணையாகச் சாய்ந்திருக்க வேண்டும். லென்ஸ் சாய்ந்தால் புள்ளி வட்டமாக இல்லாமல் நீண்டு, சூடு சிதறும். கை நடுங்கினாலும் அப்படியே. லென்ஸை ஒரு தாங்கியில் பொருத்துவது மேல். காற்று வீசும் இடமும் ஆகாது.

லென்ஸ் வழியே சூரியனைப் பார்க்கவே கூடாது, கூலிங் கிளாஸ் போட்டிருந்தாலும்கூட. புள்ளியையும் உற்றுப் பார்க்காதீர்கள். சிமென்ட் தரையில், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க, ஒரு வாளித் தண்ணீரோடு செய்யுங்கள்.

கேள்வி: தாத்தாவின் மூக்குக்கண்ணாடியால் இது முடியுமா?
– 7-ஆம் வகுப்பு மாணவி, அரியலூர்

பதில்: படிப்பதற்கான +2 கண்ணாடியின் குவியத் தொலைவு 50 செ.மீ. புள்ளி 5 மி.மீ. அளவுக்குப் பரந்துவிடும், ஆனாலும் கறுப்புத்தாள் நன்றாகச் சுடும், புகையவும் கூடும். கிட்டப்பார்வைக் கண்ணாடி ஒளியை விரிப்பது. அதில் புள்ளியே கிடைக்காது.